எட்டு வரியும் ஒரு பெயரும்

சென்னையில் ராப் பாடுகிற எந்த இளைஞனிடம் பேச்சுக் கொடுத்தாலும் நாலாவது வாக்கியத்தில் சினிமா வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒன்று, சினிமாவில் பாட வாய்ப்பு வந்திருக்கும்; அல்லது வரப்போகிறது என்பான்; அல்லது வந்து கைநழுவிப் போயிருக்கும். எதுவும் இல்லையென்றால், சினிமாப் பக்கமே போகமாட்டேன் என்று சத்தியம் செய்திருப்பான். சத்தியம் செய்தவனும் சினிமாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறான்.

அமெரிக்காவில் தனித்து இயங்கும் ராப் கலைஞர் என்றால், பெரிய இசை நிறுவனங்களின் பிடியில் இல்லாதவர். மினியாப்பொலிஸ் நகரத்துப் பையன்கள் 1995இல் ரைம்சேயர்ஸ் என்று சொந்தமாக ஒரு வெளியீட்டு நிறுவனம் தொடங்கி, பிறகு சொந்தமாக இசைத்தட்டுக் கடை வைத்து, சொந்தமாகத் திருவிழாவும் நடத்தினார்கள். ஊரை விட்டு எங்கும் போகவில்லை. அந்தக் கதையை இங்கே பொருத்திப் பார்க்க முடியாது. இங்கே இசை நிறுவனம் என்பதே சினிமாப் பாட்டின் உரிமையை வாங்கி விற்கும் கடைதான். ஆகவே சென்னையில் ஒருவர் 'தனி' என்றால் சினிமாவிலிருந்து தனி என்று அர்த்தம். சினிமாவிலிருந்து தனியாக இருப்பது என்றால் என்ன? பணம் இல்லாமல் இருப்பது என்று உடனே சொல்லிவிடலாம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மற்ற பாதி, பாட்டின் மேல் யார் பெயர் இருக்கும் என்ற விவகாரம். இத்தனை வருடங்களாக இந்தப் பையன்களின் பாட்டைக் கேட்டு, அவர்களைப் பற்றி எழுதிவந்ததில் எனக்குப் பிடிபட்ட ஒரே விஷயம் இதுதான்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ் ராப் 1994இல் ரஹ்மானின் 'பேட்டை ராப்' பாட்டோடு தொடங்கியது என்பார்கள். சுரேஷ் பீட்டர்ஸும் தேனி குஞ்சரம்மாளும் ஷாகுல் ஹமீதும் அதை அமர்க்களமாகப் பாடியிருந்தார்கள். ஆனாலும் அது ராப் வேஷம் கட்டிய சினிமாப் பாட்டு. எனக்குக் கணக்கு 2006இல் தொடங்குகிறது. மலேசியாவிலிருந்து யோகி பியும் நட்சத்திராவும் 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். தங்கள் வரியைத் தாங்களே எழுதித் தாங்களே பாடிய தமிழர்களை ஒரு முழுத் தொகுப்பின் நீளத்துக்கு நான் கேட்டது அப்போதுதான். அடுத்த ஆண்டே யோகி பியின் குரல் கோடம்பாக்கத்துப் படத்தில் கேட்டது. 2011இல் கோவைப் பையன் ஆதி பாடிய 'கிளப்புல மப்புல' இணையத்தில் காட்டுத்தீயாகப் பரவியது. பெண்களுக்குப் புத்தி சொல்லும் அந்தத் தொனி அன்றைக்கே எனக்குக் கசந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2015க்குள் அவர் படத்துக்கு இசையமைப்பாளர் ஆகிவிட்டார். அதே 2015இல் சோஃபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பெண், கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு ராப் பாடி வீடியோவாக வெளியிட்டார். பல ஆண்டுகளாகப் போராடிக்கொண்டிருந்த முன்னாள் தொழிலாளர்களுக்கும் நிறுவனத்துக்கும் அடுத்த மார்ச்சில் உடன்பாடு ஏற்பட்டது. பாட்டால்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சில மாதங்களில் உலகமே கொடைக்கானலைத் திரும்பிப் பார்த்ததற்குப் பாட்டும் ஒரு காரணம்.

அப்புறம் 2018 ஜனவரி. கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதல்முறையாக மேடை ஏறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதி பேதமற்ற' என்ற சொற்களிலிருந்து பெயர் எடுத்தார்கள். கானாப் பாடகர்களையும் ராப் பாடகர்களையும் கிட்டார்காரர்களையும் பறை அடிப்பவர்களையும் ஒரே மேடையில் நிறுத்தினார்கள். வடசென்னையில் சாவு வீட்டில் விடியவிடியப் பாடப்பட்ட கானாவும், நியூயார்க்கின் பிராங்ஸ் தெருக்களில் பிறந்த ராப்பும் ஒன்றுக்கொன்று அறிமுகமே தேவைப்படாதவை போல அன்று நின்றன. இரண்டுமே கையில் கிடைத்ததைத் தட்டித் தாளமாக்கிக்கொண்டு, இருக்கிற இடத்திலேயே வரி கட்டுகிற கலைகள். கானா பாடும் பெண்ணாக அந்த மேடையில் நின்ற இசைவாணியின் பெயர் 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நீலம் 'மார்கழியில் மக்களிசை' என்ற விழாவைத் தொடங்கியது. சபாக்களுக்கு மட்டும் எழுதிவைத்திருந்த மாதத்தில் ஒப்பாரியும் கானாவும் ராப்பும் டிக்கெட் வரிசையில் சேர்ந்துகொண்டன.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்: வரி எப்படிக் கட்டப்படுகிறது என்பது.

ஆங்கில ராப்பைக் கேட்டு வளர்ந்த பையன் தமிழில் முதலில் செய்வது, வரியின் கடைசியில் ஓசையைப் பொருத்துவது. வந்தான், நின்றான், பார்த்தான், போனான். தமிழில் இதைவிடச் சுலபமான வேலை இல்லை. வினைமுற்று எல்லாம் ஒரே வாலை ஆட்டிக்கொண்டு வரும் மொழி இது. இயைபு இங்கே இலவசம். ஆங்கிலத்தில் ராப் பாடகர் ரத்தம் சிந்தித் தேடும் பொருத்தத்தை நமக்கு இலக்கணமே இனாமாகக் கொடுத்துவிடுகிறது. இனாமாக வந்ததால் அதற்கு மதிப்பும் இல்லை. பதினாறு வரி முழுவதும் 'கிறேன், கிறேன்' என்று முடிந்தால், கேட்பவனுக்கு ஐந்தாவது வரியில் கொட்டாவி வந்துவிடும்.

நம் செய்யுள் ஓசையைத் தேடிய இடம் வரியின் தலை. அகர முதல என்று தொடங்கினால் அடுத்த அடி பகவன் என்று தொடங்கும். இரண்டாம் எழுத்து ஒன்றிவர வேண்டும். எதுகை. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக நாம் அடிக்கோடிட்ட அதே எதுகைதான் இன்று நல்ல தமிழ் ராப்பின் முதுகெலும்பு. நானே கட்டிய ஒரு உதாரணம் தருகிறேன், கவித்துவத்தைத் தேடவேண்டாம்: "கட்டிடம் உயர்ந்தது எங்கள் கையால், பட்டா மட்டும் வேறோர் பெயரில்." கட்டிடத்தின் 'ட்'டும் பட்டாவின் 'ட்'டும் வாயில் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு வெடிக்கின்றன. க்க, ட்ட, த்த, ப்ப என்று இரட்டிக்கும் வல்லின எழுத்துகள் தமிழில் கொட்டிக் கிடக்கின்றன. அவை ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் பறையடி. தேர்ந்த பாடகன் அந்த வெடிப்பைக் கொண்டுபோய் ஸ்னேர் டிரம் அடி விழுகிற இரண்டாவது, நான்காவது தட்டில் வைப்பான். அப்போது பாட்டில் தாளம் எது, சொல் எது என்று பிரிக்க முடியாமல் போகும். நெடிலை எங்கே இழுப்பது, குறில்களை எங்கே அடுக்கி ஓடுவது என்பது அதற்கடுத்த வித்தை. ராப் பாடகர் அறிவும் தயாரிப்பாளர் ஆஃப்ரோவும் 2019இல் கொண்டுவந்த தொகுப்புக்குத் 'தெருக்குறள்' என்று பெயர் வைத்ததை நான் வெறும் சொல் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அரக்கோணத்துக்காரரான அறிவுக்கு எதுகையும் ஒப்பாரியின் இழுப்பும் நாக்கிலேயே இருக்கின்றன. அவர் கோபமாகப் பேசுகிற இடத்தில்கூடச் செய்யுளின் எலும்பு தெரியும்.

தமிழ் உச்சரிப்பை வேண்டுமென்றே கோணலாக்கி, அமெரிக்கக் குரலில் 'ர'வைச் சுழற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ரசிகர்கள் உண்டு. நான் அதில் இல்லை.

இந்த வரிகள் எங்கே பிறக்கின்றன? பெரம்பூரில் மொட்டைமாடியில் ஓடு வேய்ந்த ஒற்றை அறை ஒன்று எனக்குப் பழக்கம். சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கிறார்கள். முட்டை அட்டைக்குச் சத்தத்தைத் தடுக்கும் சக்தி கிடையாது என்று யார் சொன்னாலும் கேட்பதில்லை, ஸ்டூடியோ என்றால் முட்டை அட்டை இருந்தாக வேண்டும். உண்மையில் வேலை செய்வது துணி அடைத்த பீரோதான். கதவு இரண்டையும் திறந்து, தொங்குகிற சட்டை பேன்ட்டுக்கு நடுவில் தலையை நுழைத்துப் பாடினால் எதிரொலி வராது. அம்மாவின் புடவைகள் பக்கத்தில் இருப்பதால் பாடுகிறவன் கெட்ட வார்த்தைக்கு முன்னால் ஒரு நொடி தயங்குவான் என்று அங்கே ஒரு கேலி உண்டு. பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். ஏப்ரலில் அந்த அறையில் நாலு வரிக்கு மேல் ஒரே மூச்சில் யாராலும் பாட முடியாது. பாடி, வெளியே ஓடி, காற்று வாங்கி, மறுபடி வந்து அடுத்த நாலு வரி. புறநகர் ரயில் போகும் நேரமெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

தாளத்தை இணையத்திலிருந்து எடுக்கிறார்கள். யாரோ எங்கோ செய்து வைத்த தாளத்தை இருபது முப்பது டாலருக்கு வாடகைக்கு எடுக்கலாம். வாடகை என்பதை நன்றாகக் கவனிக்க வேண்டும்: அதே தாளத்தை வேறு ஒருவரும் எடுத்திருப்பார். பெரம்பூர்ப் பையன் பாட்டை ஏற்றிய மறுநாள் யூடியூப்பிலிருந்து உரிமை கோரல் அறிவிப்பு வரும். அதே தாளத்தில் முன்னதாகப் பாடிப் பதிவு செய்துகொண்ட யாரோ ஒருவரின் பாட்டோடு பையனின் பாட்டு பொருந்துகிறது என்று இயந்திரம் தீர்மானித்துவிட்டது. வாடகை ரசீதைக் காட்டி மறுப்பு எழுத வேண்டும். ரசீதைத் தேடும் வேலை பாட்டு எழுதியதைவிட அதிக நாள் பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன். "அண்ணா, சொந்தமாகத் தாளம் செய்கிற ஆள் கூட இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை" என்றான் ஒருவன். அப்படிப்பட்ட ஆள் கூட இருந்தால், பாட்டு பாதி அவனுடையது. அங்கேதான் பெயர் விவகாரம் முளைக்கிறது.

தமிழ் சினிமாப் பாட்டுக்கு மூன்று நாற்காலிகள்: இசை, வரிகள், குரல். நூற்றாண்டை நெருங்கும் ஏற்பாடு. இசையமைப்பாளர் மெட்டைக் கொடுப்பார், பாடலாசிரியர் அதற்குள் சொல்லைப் பொருத்துவார், பாடகர் வந்து பாடிவிட்டுப் போவார். ராப்பில் இந்தப் பங்கீடு செல்லாது. எழுதுகிறவனும் பாடுகிறவனும் ஒரே ஆள். மெட்டு என்று தனியாக எதுவும் கிடையாது. வரியின் ஏற்ற இறக்கமே மெட்டு. எங்கே நிறுத்துகிறான், எங்கே முந்துகிறான், எங்கே தாளத்துக்குப் பின்னால் சோம்பிக்கொண்டு வருகிறான் என்பதெல்லாம் இசை அமைப்புதானே? ஆனால் அதை உட்காரவைக்க நாற்காலி இல்லை. மூன்று நாற்காலிகளில் இரண்டரையின் வேலையைச் செய்துவிட்டு, 'குரல்' என்ற இடத்தில் மட்டும் பெயரைப் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகிறான்.

சினிமா அவனுக்குக் கொடுக்கும் இடம் அநேகமாக எட்டு வரி. கதாநாயகன் கூட்டத்தோடு ஆடுகிறார், பல்லவி இரண்டு முறை வந்துவிட்டது, கடைசிப் பல்லவிக்கு முன்னால் கொஞ்சம் சூடேற்ற வேண்டும். கூப்பிடு ராப் பாடுகிற பையனை. வெளியில் ஐந்து நிமிடத்துக்குத் தன் தெருவையும் வீட்டையும் பற்றிப் பாடியவன், அந்த எட்டு வரியில் கதாநாயகனின் வீரத்தைப் பாடுவான். நான் குறை சொல்லவில்லை. வாடகை கட்ட வேண்டும், தங்கைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். தவிரவும் எல்லோரும் எட்டு வரியோடு நின்றுவிடவில்லை. 'வாத்தி ரெய்டு' பாட்டை அறிவு எழுதவும் செய்தார், அனிருத்தோடு சேர்ந்து பாடவும் செய்தார். பால் டப்பா என்ற ராப் பாடகரும் தன் தனிப்பாட்டுகளில் கண்டுபிடித்த குறும்பை சினிமாவுக்குள் சேதமில்லாமல் கொண்டுபோயிருக்கிறார். அசல் கோலாரின் குரல் உச்ச நடிகரின் பாட்டுக்குள் வருகிறபோது அரங்கில் எழும் கூச்சல் அவருக்கும் சேர்த்துத்தான். ஆனாலும் படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அந்த எட்டு வரியை எழுதியவன் யார் என்று தேடிப் பாருங்கள். சில படங்களில் இருக்கும், பல படங்களில் இருக்காது.

சினிமாவுக்கு வெளியே போனால் இது தீர்ந்துவிடும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. பாடகி தீயும் அறிவும் பாடினார்கள், இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தயாரித்தார், சுயாதீனக் கலைஞர்களுக்காகவே தொடங்கப்பட்ட மாஜா என்ற இசைத் தளம் வெளியிட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு நிலமில்லாமல் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளை அறிவு அந்தப் பாட்டுக்குள் கூட்டிவந்தார். வீடியோவில் பாட்டியே அரியாசனத்தில் அமர்ந்திருக்கிறார். கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும், யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ராப் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அட்டை கொண்டாடிய 'எஞ்சாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' இரண்டுக்கும் வரிகளில் பங்குள்ள அறிவு அந்த அட்டையில் இல்லை. ரஞ்சித் கேள்வி எழுப்பினார், இணையம் கொதித்தது, பிறகு அறிவை வைத்து இணையத்துக்கென ஓர் அட்டை வந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டை அறிவு இல்லாமல் மேடையேற்றினார்கள். பாட்டை உருவாக்கியதில் யாருடைய பங்கு எவ்வளவு என்று அறிவு ஒன்று சொன்னார், தீயும் சந்தோஷ் நாராயணனும் வேறொன்று சொன்னார்கள். 2024இல், இந்தப் பாட்டால் தங்கள் மூவருக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே வீடியோவில் சொன்னார்.

யார் பக்கம் நியாயம் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. அந்த அறைக்குள் நான் இருக்கவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம்: சினிமாவின் மூன்று நாற்காலிகளையே வெளியிலும் கொண்டுவந்து போட்டால் அதே சண்டைதான் வரும். வாயால் முணுமுணுத்துக்கொண்டே வரியும் மெட்டும் ஒன்றாகப் பிறக்கிற ஒரு பாட்டில் 'வரிகள்: இன்னார்' என்று போட்டுவிட்டு மெட்டை இன்னொருவர் கணக்கில் எழுதுவது, பழகிய கைகள் யோசிக்காமல் செய்கிற வேலை.

தன் பெயரைத் தானே பாட்டுக்குள் சொல்லிக்கொள்வது ராப்பின் பழைய பழக்கம். அலட்டல் என்று நம் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்குத் தேவாரம் தெரியாதா? ஞானசம்பந்தர் ஒவ்வொரு பதிகத்தையும் முடிக்கும்போது தன் பெயரைச் சொல்லி, தன் ஊர் காழியைச் சொல்லி, இந்தப் பத்தையும் பாடினால் என்ன கிடைக்கும் என்றும் சொல்லிவிட்டுத்தான் போவார். ஊர்ப்பெயரைச் சொல்லித் தன்னைப் பற்றிப் பெருமையடிப்பதில் எந்தப் பேட்டைக்காரரும் அவரை மிஞ்சியதில்லை. ஆண்டாள் திருப்பாவையை முடிக்கும் பாட்டில் 'பட்டர்பிரான் கோதை சொன்ன' என்கிறாள், 'சங்கத் தமிழ்மாலை முப்பதும்' என்கிறாள். அப்பா பெயர், தன் பெயர், மொத்தப் பாட்டு எத்தனை: யாரும் வெட்டி எடுக்க முடியாதபடி பாட்டுக்குள்ளேயே பதிவு. கர்நாடக இசையில் இதற்கு முத்திரை என்று பெயர். கானாக்காரர்களும் பெயரையும் பேட்டையையும் பாட்டில் சொருகிவிடுவார்கள். முத்திரை வைக்க இடம் தராதது சினிமாப் பாட்டுதான், ஏனென்றால் அங்கே பாடுவது கதாநாயகன்.

சட்டத்திலும் வழி இருக்கிறது. 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பாட்டு எழுதியவர் தன் ராயல்டிப் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது. எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. அதை வசூலித்துத் தர மும்பையில் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. நான் சந்திக்கும் பையன்களில் அதில் உறுப்பினரானவர்கள் அபூர்வம். படிவம் என்றாலே ஓடுகிறார்கள். பத்து நிமிடத்தில் பதினாறு வரி எழுதுகிறவனுக்குப் படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப முழு மாலை வேண்டும்.

போன மழைக்காலத்தில் அந்தப் பெரம்பூர் அறையில் ஒரு பாட்டை ஸ்பாட்டிஃபைக்கு அனுப்பும் வேலை நடந்தது. போனில் விநியோக நிறுவனத்தின் படிவம். கலைஞர் பெயர் கேட்ட இடத்தில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த தன் மேடைப் பெயரைப் போட்டுவிட்டான். அடுத்து, பாட்டை எழுதியவரின் உண்மைப் பெயர். மேடைப் பெயர் கூடாது என்று சிவப்பில் எச்சரிக்கை. முதல் பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் இன்னொரு கட்டம். குடும்பப் பெயர் நமக்கு ஏது? இனிஷியலை மட்டும் போட்டான், படிவம் ஏற்கவில்லை. சரி என்று அப்பாவின் பெயரை முழுதாக அடித்தான். அவன் அப்பாவுக்கு இந்தப் பாட்டுச் சமாச்சாரம் கட்டோடு பிடிக்காது. அந்தப் பாட்டின் இரண்டாவது சரணம் முழுக்க அவரைப் பற்றிய புகார். தாளம் போட்ட பையன் தன் பெயரையும் எழுதியவர் பட்டியலில் சேர்க்கச் சொன்னான். பல்லவிக்கு ஒரு சொல் எடுத்துக் கொடுத்தவன் தனக்கும் ஐந்து சதவீதம் வேண்டும் என்றான். பேரம் நடந்துகொண்டிருந்தபோது நான் கடைசி ரயிலுக்குக் கிளம்பிவிட்டேன். மறு வாரம் பாட்டு வெளியானது. எழுதியவர்கள் என்ற இடத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. முதல் பெயரோடு ஒட்டிக்கொண்டு, எழுத்துப் பிழையோடு, அப்பாவும் இருந்தார்.